சிப்பி வளர்ப்பில் விதையும் வம்சமும்

நெல் விதைக்கும் குடியானவருக்குப் பொறுக்கு விதையின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. களத்தில் கதிர் அடிக்கும்போதே விதைக்கென்று நல்ல கட்டுகளைத் தனியே ஒதுக்கி வைப்பது நம் கிராமங்களில் வழிவழியாக வந்த பழக்கம். பசுவைச் சினைப்படுத்தும் காலத்தில் காளையின் குலத்தை விசாரிக்கிறோம். ஒரு காளையை அதன் கன்றுகளுக்கே மீண்டும் விடலாகாது என்பதையும் அனுபவத்தால் அறிந்திருக்கிறோம். ஆனால் கடலில் வளரும் சிப்பிக்கும் தாய் தந்தையர் உண்டு, நல்விதையும் பொய்விதையும் உண்டு, கவனியாது விட்டால் வம்சம் நலிவதும் உண்டு என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படையக்கூடும்.

இதைப் பற்றி இங்கே எழுத வேண்டிய காரணம் ஒன்று உண்டு. முத்துச்சிப்பி, ஆளி, கல்லுமக்காய், மட்டி முதலிய இரட்டை ஓட்டுச் சிப்பியினங்களை வளர்ப்பது கடற்கரைக் கிராமங்களுக்கு ஏற்ற துணைத்தொழிலாகக் கருதப்படுகிறது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் இதற்கு இடம் அளிக்கப்பட்டது. இத்தொழிலில் இறங்கும் குழுவினர் கூண்டு, கயிறு, மிதவை இவற்றின் விலையை நன்கு விசாரிக்கிறார்கள். குஞ்சுச் சிப்பி எங்கிருந்து வந்தது, எத்தனை தாய்ச்சிப்பிகளிடமிருந்து வந்தது என்பதை விசாரிப்பவர் அரியர். விதையை விசாரியாமல் ஏர் பூட்டும் விவசாயி நம்மில் எவருமில்லை அல்லவா?

தூத்துக்குடிக்கு அப்பால், மன்னார் வளைகுடாவில், ஏறக்குறைய 12 மீட்டர் முதல் 25 மீட்டர் வரை ஆழமுள்ள இடங்களில் கடலடியில் பாறைத்திட்டுகள் பல உள்ளன. நம் கடலோடிகள் இவற்றைப் 'பார்' என்று அழைப்பர். தொலாயிரம் பார் என்பது அவற்றுள் பெயர் பெற்றது. இப்பார்களில் முத்துச்சிப்பி செழித்த ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடந்தது. செழிக்காத ஆண்டுகளில் நடக்கவில்லை. 1928க்குப் பிறகு நீண்ட காலம் கழிந்து, 1955 முதல் 1961 வரை அரசாங்கத்தார் முத்துக்குளிப்பு நடத்தினர். 1961க்குப் பின் தூத்துக்குடியில் அது நடைபெறவே இல்லை. ஓராண்டில் கோடிக்கணக்கில் கிடந்த சிப்பி அடுத்த சில ஆண்டுகளில் மறைந்து போவதேன் என்ற கேள்வி நெடுநாட்களாகவே அறிஞர்களை வாட்டி வந்தது. இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய 1902இல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் வரவழைக்கப்பட்டதும் இக்கேள்விக்காகவே. விடையின் ஒரு பகுதி சிப்பியின் பிறப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதை முதலில் அறிந்து கொள்வோம்.

சிப்பிகள் கூடி இனம் பெருக்குவதில்லை. பருவம் வந்ததும் ஆண்சிப்பி விந்தையும் பெண்சிப்பி முட்டைகளையும் கடல் நீரிலேயே விட்டுவிடும். நன்கு முதிர்ந்த ஒரு பெண்சிப்பி ஒரே தடவையில் பல லட்சம் முட்டைகளை விடவல்லது. முத்துச்சிப்பியின் முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவே இருக்கும். நீரில் மிதக்கும் முட்டையை விந்தணு அடைந்ததும் கரு உண்டாகிறது. சில நிமிடங்களில் முட்டையின் ஓரத்தில் சிறு துளிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்கி வெளியேறுகின்றன. இத்துளிகளைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச நேரும். வாசகர்கள் நினைவில் கொள்க.

பிறகு கரு இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்து பெருகுகிறது. ஒரு நாள் முடிவதற்குள், ஏறக்குறைய 20 மணி நேரத்தில், அதற்குக் கண்ணாடி போன்ற மெல்லிய இரட்டை ஓடு அமைந்துவிடுகிறது. ஒரு பக்கம் நேர்கோடாகவும் மறுபக்கம் வளைவாகவும் இருக்கும் இவ்வுருவத்தைப் பார்த்தால் அரைவட்டமாக நறுக்கிய அப்பளம் நினைவுக்கு வரும். இந்த இளவுயிர் மயிரிழைகள் நிறைந்த சிறகு போன்ற உறுப்பால் நீந்திக்கொண்டே நுண்பாசிகளை வாரி உண்கிறது. இரண்டாம் வாரத்தில் ஓட்டின் முதுகு புடைக்கிறது. பதினைந்தாம் நாளை ஒட்டிக் கண்போன்ற கரும்புள்ளி ஒன்று தோன்றுகிறது. இருபதாம் நாள் வாக்கில் ஒரு சிறு பாதம் வளர்கிறது. இப்பாதத்தால் அது அடித்தளத்தைத் தடவித் தடவி இடம் பார்க்கிறது. இடம் பிடித்துவிட்டால் நீந்தும் சிறகு மறைந்துவிடும். பைசஸ் என்னும் வலிய நூலைச் சுரந்து பாறையைப் பற்றிக்கொள்ளும். இருபத்து நான்காம் நாள் சுமாருக்கு அது பெற்றோரைப் போன்ற குஞ்சுச் சிப்பியாகிவிடுகிறது.

மற்ற இனங்களிலும் நிகழ்ச்சி பெரும்பாலும் இதுவே. வேறுபாடு தங்குமிடத்தில்தான். கல்லுமக்காய் முத்துச்சிப்பியைப் போல நூலால் கட்டிக்கொள்கிறது. ஆளி தன் ஓட்டையே சிமெண்டு பூசியது போலப் பாறையில் ஒட்டிக்கொண்டு பிறகு ஆயுள் முழுதும் அசைவதில்லை. மட்டி மணலுக்குள் புதைந்து வாழ்கிறது.

இந்த மூன்று வாரப் பயணத்தில் நீரோட்டம் வேறு திசையில் இழுத்துச் சென்றால், பாறைக்குப் பதிலாகச் சேற்றில் இறங்க நேர்ந்தால், பாசி உணவு குறைந்தால், மீன்கள் உண்டுவிட்டால், லட்சக்கணக்கான உயிர்களும் பாழ்தான். ஆகவேதான் கடல் ஓராண்டு வாரிக் கொடுப்பதும் பல ஆண்டுகள் கைவிரிப்பதும் நேர்கின்றன. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு தாயின் குஞ்சுகள் நல்ல நீரோட்டத்தில் சிக்கி ஏராளமாகப் பிழைப்பதும், பக்கத்துத் தாயின் குஞ்சுகள் ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் உண்டு. பரிசுச் சீட்டு விழுவதைப் போன்றது இது. பசுவுக்கு ஆண்டுக்கொரு கன்று; அங்கே எந்தத் தாயும் மற்றொன்றைவிட ஆயிரம் மடங்கு பெற்றுவிட முடியாது. சிப்பியிலோ அது முடியும்.

கடலின் தயவை எதிர்பாராமல் குஞ்சு பெற வேண்டும் என்ற முயற்சி நம் மாநிலத்திலேயே வெற்றி கண்டது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமியும் அவர் குழுவினரும் தூத்துக்குடிக்கு அருகில் வேப்பலோடையில் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து கிடைத்தது. 1981இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் முத்துச்சிப்பியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, நுண்பாசியை ஊட்டி, குஞ்சுச் சிப்பி நிலை வரை வளர்த்துக் காட்டினர். நீரின் வெப்பத்தைச் சிறிது உயர்த்தினால் முதிர்ந்த சிப்பிகள் முட்டையும் விந்தும் விடத் தூண்டப்படுகின்றன என்பது இம்முறைக்குப் பெருந்துணையாயிற்று. 1980களின் பிற்பகுதியில் இவ்வாறு பெற்ற குஞ்சுகளில் ஒரு பகுதியைப் பார்களிலேயே விட்டுப் பார்க்கும் முயற்சியும் நடந்தது.

இனி வம்ச விஷயத்துக்கு வருவோம். உயிரின் இயல்புகளைத் தலைமுறைதோறும் கொண்டு செல்லும் நுண்பொருளுக்கு ஜீன் என்று பெயர். ஜீன்கள் குரோமோசோம் என்னும் இழைகளில் அமைந்துள்ளன. நெற்பயிருக்கு இவ்விழைகள் 12 ஜோடி. மனிதனுக்கு 23 ஜோடி. முத்துச்சிப்பிக்கு 14 ஜோடி. ஆளிக்கு 10 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் இழை தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. 2012இல் முத்துச்சிப்பியின் ஜீன் தொகுதியை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும், பசிபிக் ஆளியின் தொகுதியைச் சீன ஆராய்ச்சியாளர்களின் தலைமையில் ஒரு குழுவினரும் படித்து வெளியிட்டனர்.

தாய்வழி வந்த ஜீன் பழுதாயிருந்தாலும் தந்தைவழி வந்த ஜீன் நன்றாயிருந்தால் பழுது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. நல்ல மாடு ஒன்று நொண்டி மாட்டையும் இழுத்துக்கொண்டு வண்டியைக் கரை சேர்ப்பது போல என்று கொள்ளலாம். இரண்டும் பழுதானால்தான் வண்டி நிற்கும். சிப்பியினங்களில் இவ்வாறு மறைந்து கிடக்கும் பழுதுகள் மற்ற பல பிராணிகளைவிட அதிகம் என்று பசிபிக் ஆளியைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எண்ணற்ற முட்டைகளை விடுவதால் பழுது சேரவும் இடம் அதிகம் போலும். உடன்பிறந்த ஆணும் பெண்ணும் இணைந்தால் அவற்றின் குஞ்சுகளில் ஒரே மூலத்திலிருந்து வந்த ஜீன் இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 25. அப்போது மறைந்திருந்த பழுதெல்லாம் வெளிப்படும். இளவுயிர்கள் மடியும், மிஞ்சியவை மெல்ல வளரும்.

குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் இந்த ஆபத்து எப்படி நுழைகிறது என்பதுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. ஒரு தாய்ச்சிப்பி பல லட்சம் முட்டை விடுமாதலால், ஒரு கிராமம் முழுவதற்கும் வேண்டிய குஞ்சுகளை ஒரே ஒரு ஜோடியிலிருந்து பெற்றுவிடலாம். செலவும் குறைவு, வேலையும் குறைவு. முதல் தலைமுறையில் இதனால் கேடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. குஞ்சுகள் அழகாகவே வளரும். அவற்றுள் பருத்தவற்றைப் பொறுக்கி அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக வைக்கும்போதுதான் அண்ணன் தங்கை உறவு குறுக்கிடுகிறது. மூன்றாம் தலைமுறையில் குஞ்சுகள் நலிந்தால் நீரைக் குறை சொல்வோம், பாசியைக் குறை சொல்வோம். வம்சத்தை யாரும் நினைப்பதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 50 பெண்சிப்பிகளும் 2 ஆண்சிப்பிகளும் முட்டையிடும் தொட்டியில் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 52 பெற்றோர் என்று பெருமைப்படலாம். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தந்தை அவ்விரண்டில் ஒன்றே. வம்சக் கணக்கில் மெய்யான பெற்றோர் தொகையைக் காண, ஆணின் தொகையையும் பெண்ணின் தொகையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் வருவது 8க்கும் குறைவு! அதே 52 சிப்பிகளில் 26 ஆண், 26 பெண் என்றிருந்தால் விடை 52 ஆகவே நிற்கும். ஆக, தொட்டியில் எத்தனை சிப்பி என்று கேட்பது போதாது. ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்க வேண்டும்.

இதில் சிப்பிக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. முத்துச்சிப்பி இளமையில் பெரும்பாலும் ஆணாக இருந்து, வயது ஏறியபின் சில பெண்ணாக மாறுகிறது. ஆகவே பருத்து முதிர்ந்தவற்றை மட்டுமே பொறுக்கினால் ஆண் குறைந்துபோக இடமுண்டு. மேலும், ஓட்டைப் பார்த்து இது ஆண், இது பெண் என்று சொல்ல முடியாது. விடுவது முட்டையா விந்தா என்று பார்த்துத்தான் அறிய வேண்டும். தனித்தனிப் பாத்திரங்களில் விடச்செய்து, ஒவ்வோர் ஆணின் விந்தையும் சம அளவில் வெவ்வேறு பெண்களின் முட்டைகளோடு சேர்ப்பது நல்ல முறை. பொதுத்தொட்டியில் எல்லாவற்றையும் கலந்து விட்டால் முந்திக்கொண்ட ஓர் ஆணே பெரும்பாலான முட்டைகளைக் கருவுறச் செய்துவிடக்கூடும்.

சல்லடை விஷயத்திலும் கவனம் வேண்டும். நிலையத்தில் இளவுயிர்களை மெல்லிய சல்லடையில் அலசி, பெரியவற்றை வைத்துக்கொண்டு சிறியவற்றைக் கொட்டிவிடுவது வழக்கம். தவறான வழக்கம் என்று சொல்வதற்கில்லை. தொட்டிகளைச் சீராக வைத்திருக்க இது உதவுகிறது. ஆயினும் மெதுவாக வளர்ந்த அந்தச் சிறியவை ஒரு தாயின் குஞ்சுகளாகவே இருந்துவிட்டால், ஒரு குடும்பம் முழுவதையும் சாக்கடையில் கொட்டியதாக முடியும். முதல் மூன்று வாரத்தில் மெதுவாக வளர்ந்தவை பின்னால் கடலில் நன்றாக வளரமாட்டா என்றும் உறுதியாகச் சொல்ல இயலாது.

முத்து வளர்ப்பில் இறங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். முத்து உண்டாக்க, சிப்பியின் உடலில் ஓடு கொண்டு செய்த சிறு உருண்டை ஒன்றை வைக்கிறார்கள். அதனோடு வேறொரு சிப்பியின் சதைப்போர்வையிலிருந்து வெட்டிய, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துண்டு ஒன்றையும் சேர்த்து வைக்கிறார்கள். அத்துண்டு வளர்ந்து உருண்டையைச் சுற்றிப் பையாகி, மேலே முத்துப்பொருளை அடுக்கடுக்காகப் பூசுகிறது. அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனம். ஒளி இவ்வடுக்குகளில் பட்டுத் திரும்புவதால்தான் முத்துக்கு அந்த நீரோட்டம் உண்டாகிறது.

துண்டு கொடுத்த சிப்பி அதோடு மடிந்து போகிறது. ஆனால் அதன் ஜீன்கள் மற்றொரு சிப்பியின் உடலுக்குள் முத்துப்பையில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இரு வேறு இனச் சிப்பிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் இதை ஐயமறக் காட்டின. ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிச்செடி நாட்டு மாவாக இருந்தாலும் மேலே ஒட்டிய கிளை பங்கனபள்ளியானால் பழமும் பங்கனபள்ளியே. அதுபோல முத்தின் நிறமும் பளபளப்பும் பெரிதும் துண்டு கொடுத்த சிப்பியைப் பொறுத்தவை. உடல் கொடுக்கும் சிப்பிக்கு வேண்டியது திடமும், விரைவான வளர்ச்சியும், அறுவையைத் தாங்கும் சக்தியும். ஜப்பானியர் மஞ்சள் சாயல் குறைந்த வெண்ணிற ஓடுடைய சிப்பிகளைத் துண்டு எடுப்பதற்கென்றே தனி வம்சமாக வளர்த்தனர். நம் வளர்ப்போர் கைக்குக் கிடைத்த சிப்பியிலிருந்து துண்டு எடுப்பது, காய்க்காத மரத்திலிருந்து ஒட்டுக்கிளை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

முட்டையிலிருந்து பிதுங்கும் இரண்டு துளிகளை நினைவில் கொள்ளச் சொன்னோம். அத்துளிகளின் வழியாகவே முட்டை தன்னிடம் மிகுந்துள்ள குரோமோசோம்களை வெளியேற்றி, தாயின் பங்காக ஒரே ஒரு தொகுதியை வைத்துக்கொள்கிறது. மருந்தினாலோ அழுத்தத்தினாலோ ஒரு துளியை வெளியேறாமல் தடுத்துவிட்டால், குஞ்சுக்குத் தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று என மூன்று தொகுதிகள் அமைந்துவிடும். 1981இல் அமெரிக்க ஆளியில் இதைச் செய்து காட்டினர். இத்தகைய சிப்பி ஏறத்தாழ மலடாகும். விசித்திரம் என்று எண்ண வேண்டாம். நாம் உண்ணும் பூவன் வாழையும் மொந்தன் வாழையும் மூன்று தொகுதி உடையவைதாம். அதனால்தான் அவற்றில் விதை இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் சாதாரண ஆளியின் சதை பால் பிடித்து, பின் இளைத்துச் சுவை குன்றும். மூன்று தொகுதி ஆளி அவ்வாறு இளைப்பதில்லை என்பதால் அமெரிக்காவில் இதைப் பெருவாரியாக வளர்க்கலாயினர். ஆயினும் உண்ணும் சிப்பிக்கு இது அனுகூலமே தவிர, பார்களில் இனம் பெருக வேண்டும் என்று விடும் குஞ்சுகளுக்கு இது கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

வம்சக் கலப்பு விரிவாக இருப்பதன் முழுப்பயன் நோய் வரும்போதுதான் தெரிகிறது. 1957இல் அமெரிக்காவில் டெலவேர் வளைகுடாவில் ஒரு கொள்ளைநோய் புகுந்து ஆளிகளைச் சூறையாடிற்று. ஹாஸ்கின் என்ற பேராசிரியர், மடிந்தவற்றை விட்டு, பிழைத்தவற்றைப் பெற்றோராக்கித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, நோயைத் தாங்கும் வம்சங்களை உருவாக்கினார். பிழைக்க ஒரு சிலவாவது இருந்தமையால் அல்லவோ அது முடிந்தது? எல்லாச் சிப்பியும் ஒரே ஜோடியின் மக்களாக இருந்திருந்தால் பொறுக்குவதற்கு எதுவும் மிஞ்சாமல் போயிருக்கலாம். ஜப்பானிலும் 1990களின் நடுவில் முத்துச்சிப்பிகள் பெருவாரியாக மடிந்தபோது, வேறு கடலிலிருந்து கொணர்ந்த சிப்பிகளோடு கலந்து திடமான குஞ்சுகளைப் பெற முயன்றனர்.

நமக்கு அத்தகைய கைம்முதல் மன்னார் வளைகுடாவின் பார்களே. முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், அங்கே ஆங்காங்கு கிடக்கும் சிப்பிகள் நம் விதைக்களஞ்சியம். குறைந்த பெற்றோரிடமிருந்து பெற்ற குஞ்சுகளை லட்சக்கணக்கில் அங்கே கொண்டு கொட்டினால், தொகை பெருகியது போலத் தோன்றும். ஆனால் பல வகை நெல் விளைந்த ஊரில் ஒரே ரகத்தைப் பரப்பியது போலப் பழைய வகைகள் அமுங்கிப் போகும். நம் பார்வையில், பார்களில் குஞ்சு விடும் எந்தத் திட்டத்துக்கும் முதல் நிபந்தனை கடலிலிருந்தே எடுத்த ஏராளமான பெற்றோர் என்பதாக இருக்க வேண்டும்.

எல்லாச் சிப்பி வளர்ப்புக்கும் இந்தக் கவலை ஒரே அளவில் இல்லை. கேரளத்தில் காசர்கோட்டை அடுத்த படன்னை உப்பங்கழியில் மகளிர் குழுக்கள் கல்லுமக்காய் வளர்க்கின்றன. பாறைகளில் இயற்கையாகப் படியும் குஞ்சுகளைக் கொணர்ந்து, கயிற்றைச் சுற்றிப் பருத்தி வலைத்துணியால் பொதிந்து தொங்கவிடுகிறார்கள். துணி மக்குவதற்குள் குஞ்சுகள் நூலால் கயிற்றைப் பற்றிக்கொள்கின்றன. இக்குஞ்சுகள் கடலில் எண்ணற்ற பெற்றோருக்குப் பிறந்தவை. அங்கே கவலை, பாறையை ஒரேயடியாகச் சுரண்டிவிடாமல் இருப்பதைப் பற்றியதே.

நிலையத்துக் குஞ்சுகளை வாங்கும் குழுக்களோ, அவற்றுக்கு உதவும் பஞ்சாயத்துக்களோ, சில விவரங்களைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் காட்ட வேண்டியதில்லை. உரமூட்டையின் மேல் சத்து அளவைப் படித்துப் பார்க்கும் உரிமை நமக்கு இருப்பதைப் போன்றதே இது. பெற்றோர் கடலிலிருந்து வந்தனவா, பண்ணையில் பிறந்தனவா? முட்டை விட்டவை எத்தனை, விந்து விட்டவை எத்தனை? சென்ற ஆண்டு தந்த தொகுதிக்கும் இவ்வாண்டுத் தொகுதிக்கும் பெற்றோர் வெவ்வேறா? பதில்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதோடு, தொகுதி எண்ணையும் முட்டை விட்ட தேதியையும் பொறித்த சிறு பிளாஸ்டிக் வில்லையை ஒவ்வொரு கூண்டிலும் கட்டிவிட வேண்டும். மாதம் ஒருமுறை கூண்டைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போது இருபது சிப்பிகளை அளந்து, இறந்தவற்றை எண்ணி எழுதி வந்தால், ஓராண்டு முடிவில் எந்தத் தொகுதி தேறியது, எது நலிந்தது என்பது ஏட்டிலிருந்தே தெரியும். மறு ஆண்டு எந்தத் தொகுதியைக் கேட்டு வாங்குவது என்று குழுவினர் கூடிப் பேச அந்த ஏடே போதும்.